ரேஸ் கொடுத்தா ஏன் இன்னும் டைட்டாகுது? ஒரு பழைய டிராக்டரின் பவர் ஸ்டீயரிங்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கும் டெக் எபிசோட்தான். ஆனா இந்த டெக்ல ஸ்கிரீன் கிடையாது, ஆயில் இருக்கு, சேறு இருக்கு.

ஒரு சின்ன விஷயத்துல ஆரம்பிக்கலாம். எஞ்சின் ஆஃப்ல இருக்கற கார்ல ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாத்திருக்கீங்களா? பார்க்கிங்ல தினமும் ஒத்தைக் கையால சுத்தற அதே ஸ்டீயரிங், ஆஃப் பண்ணதும் கல்லு மாதிரி ஆயிடும். அந்தக் கனம் எப்பவும் அங்கதான் இருக்கு. ஒரு மோட்டாரோ பம்போ நமக்காக அதைத் தூக்கிட்டு இருக்கறதால நமக்குத் தெரியறதில்ல. இப்ப அதே கனத்தை முன் அச்சு கனமான ஒரு டிராக்டர்ல யோசிங்க. ரோடு இல்ல, முழங்கால் ஆழச் சேறு. மணிக்கணக்கா ஓட்டணும். ஓட்டறவருக்கு வயசு அம்பதைத் தாண்டியாச்சு.

பாண்டிச்சேரின்னா நமக்கு ஒயிட் டவுன், பீச் ரோடு, கஃபே. அங்கிருந்து தெக்கால சுமார் இருபது கிலோமீட்டர் போனா பாகூர். மேக்கால பத்து கிலோமீட்டர் போனா வில்லியனூர். ரெண்டுமே கொம்யூன்கள். பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன அந்தச் சொல்லைத்தான் இன்னும் ஆபீஸ் போர்டுல எழுதியிருக்காங்க. பாகூர் பக்கம் போனா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் நெல்லும் கரும்பும்தான். பெண்ணையாத்துத் தண்ணி பங்காரு வாய்க்கால் வழியா வந்து பாகூர் ஏரியை நிரப்பும். அந்த ஏரிக்குக் கீழ இருக்கற மண்ணு பெரும்பாலும் களி. காஞ்சா வெடிக்கும், நனைஞ்சா ஒட்டும்.

அங்க எங்க மாமா ஒருத்தர் இருக்கார். சொந்தமா கொஞ்சம் நிலம். அதைவிட முக்கியமா ஒரு பழைய டிராக்டர். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, அது இந்தக் கதைக்குத் தேவையும் இல்ல. ரெண்டு வீல் டிரைவ், இருபது வருஷத்துக்கு மேல ஓடுன வண்டி. தன் நிலத்தை ஓட்டிட்டு, சுத்துப்பட்டுல கேக்கறவங்களுக்கு மணிக் கணக்குல வாடகைக்கு ஓட்டுவார். சம்பா நடவுக்கு முன்னாடி வர்ற அந்தச் சில வாரம்தான் அவருக்கு வருமானம். அந்த நேரத்துல வண்டி நின்னா, கேட்டவங்க அடுத்த ஊர் வண்டியைக் கூப்பிட்டுடுவாங்க. நாத்து வயசாயிட்டே இருக்கும்போது யாரும் யாருக்காகவும் காத்திருக்க முடியாது.

போன சம்பாவுக்கு முன்னாடி அவர் சொன்ன புகார் இதுதான்: "மாப்ள, காலைல நல்லாதான் இருக்கு. ஒரு மணி நேரம் சேடை ஓட்டுனா ஸ்டேரிங் டைட்டாவுது. சரின்னு ரேஸ் குடுத்தா இன்னும் டைட்டாவுது. கூடவே ஊய்ன்னு ஒரு சத்தம்."

இந்த நாலு வாக்கியத்தை மனசுல வெச்சுக்கோங்க. குறிப்பா மூணாவதை.

ஒரு பட்டறைல கொண்டுபோய் விட்டிருக்கார். அங்க காலைல, ஷெட் நிழல்ல, கான்கிரீட் தரைல வெச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்காங்க. லேசா இருந்திருக்கு. இருந்தாலும் "பழைய வண்டி, பம்பு போயிருக்கும்"னு சொல்லி பம்பை மாத்திட்டாங்க. பல ஆயிரம் ரூபாய். வயலுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆனதும் பழைய கதையேதான். திரும்பிப் போனதுக்கு, "அப்ப ஆர்பிட்டல் யூனிட்டு, அதையும் மாத்திடலாம்." அது பம்பை விட விலை அதிகம். அந்தக் கட்டத்துலதான் மாமா எனக்கு போன் பண்ணார். நான் மெக்கானிக்னு நினைச்சு இல்ல. "நீ இஞ்சினீரு தானே, நெட்டுல பாத்துச் சொல்லு"ன்னு.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இந்த இடம் நல்லாவே தெரியும். "என் மெஷின்ல ஓடுதே"ன்னு ஒரு பதில் வருமில்ல? ஷெட்ல லேசா இருந்த ஸ்டீயரிங் அந்தப் பதில்தான். பிரச்சினை வர்ற சூழ்நிலைலயே சோதிக்கல. அதுக்கு மேல, ஒரு பாகத்தை மாத்திப் பாத்து, தப்புன்னா அடுத்ததை மாத்தறதுன்னு போனா, அந்தத் தேடலுக்கு யார் காசு கொடுக்கறாங்க?

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம்.

பவர் ஸ்டீயரிங் புது விஷயம் இல்ல. அமெரிக்காவுல ஃபிரான்சிஸ் டேவிஸ்னு ஒரு இஞ்சினீயர் 1926லயே ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கை ஒரு கார்ல பொருத்தி ஓட்டிக் காட்டினார். கார் கம்பெனிங்க அதை விற்பனைக்கு விட 1951 ஆச்சு, கிரைஸ்லர் கார்ல. டிராக்டருக்கு ஒத்துவந்த வடிவம் 1950கள்ல மினசோட்டாவுல லின் சார்ல்சன் பண்ண வேலைல இருந்து வந்தது. இன்னிக்கு நம்ம மெக்கானிக்குங்க "ஆர்பிட்டல்"னு சொல்றது அந்தக் குடும்பத்துப் பொருள்தான். இன்னொரு விஷயம், ஸ்டீயரிங்கும் புதுச்சேரி கிராமமும் ஒண்ணுக்கொண்ணு அந்நியம் இல்ல. வில்லியனூரைத் தாண்டி திருபுவனைல ரானே மெட்ராஸ் கம்பெனியோட தொழிற்சாலை இருக்கு, வண்டி ஸ்டீயரிங்குக்கான பாகங்கள் செய்யறாங்க.

மாமா வண்டில ஸ்டீயரிங் வீலுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவுல இரும்புத் தண்டு எதுவும் கிடையாது. முழுக்க ஆயில்தான். எஞ்சின் ஓட்டற ஒரு பம்பு, டேங்க்ல இருந்து ஆயிலை உறிஞ்சித் தள்ளுது. ஸ்டீயரிங் கம்பத்துக்கு அடில ஆர்பிட்டல் யூனிட். அதுக்குள்ள பல் வெச்ச ஒரு வளையம், அதைவிட ஒரு பல் குறைவா நட்சத்திரம் மாதிரி ஒரு சக்கரம். நீங்க எவ்வளவு திருப்பறீங்களோ அவ்வளவு ஆயிலை மட்டும் அளந்து, இடமோ வலமோ அனுப்பும். அந்த ஆயில் முன் அச்சுல இருக்கற சிலிண்டருக்குப் போய் தண்டைத் தள்ளும், சக்கரம் திரும்பும். அழுத்தம் எல்லை மீறினா திறந்து விடறதுக்கு ஒரு ரிலீஃப் வால்வு. எல்லாப் பழைய டிராக்டரும் இப்படி இல்லைங்கறதையும் சொல்லிடறேன். சிலதுல பழைய ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் அப்படியே இருக்கும், ஆயில் கூட நின்னு உதவி மட்டும் பண்ணும். உங்க ஊர் வண்டி எதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

இதுல நான் ரொம்ப நேரம் புரியாம உக்காந்திருந்த ஒரு விஷயம் உண்டு. பம்பு அழுத்தத்தை உண்டாக்கறதில்ல. பம்பு ஓட்டத்தைத்தான் உண்டாக்குது. அந்த ஓட்டத்தை எதுவோ தடுக்கும்போதுதான் அழுத்தம் ஏறும். டயரைச் சேறு பிடிச்சுக்குது, சிலிண்டர் நகர மாட்டேங்குது, ஆயில் பின்னாலருந்து வந்துட்டே இருக்கு, அதனால அழுத்தம் ஏறுது. வர்ற ஆயிலே குறைஞ்சா? இல்ல, வழில எங்கயாவது உள்ளுக்குள்ளயே கசிஞ்சா? ஏறாது.

ஒரு சின்னக் கணக்கு. சிலிண்டரோட உள் விட்டம் 50 மில்லிமீட்டர், தண்டு 25 மில்லிமீட்டர்னு வெச்சுக்கலாம். தண்டு அடைக்கற இடம் போக ஆயில் தள்ளற பரப்பு ஏறக்குறைய 15 சதுர சென்டிமீட்டர். 100 பார் அழுத்தம்னா சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ. அப்ப தள்ளு விசை சுமார் 1,500 கிலோ, ஒன்றரை டன். அதே அழுத்தம் 45 பாரா விழுந்தா 700 கிலோவுக்குக் கிட்டதான் வரும். கான்கிரீட் தரைல மெதுவா உருட்டிட்டே திருப்ப அது போதும். களிச் சேத்துல போதாது. மீதியை மாமாவோட தோள்பட்டைதான் கொடுக்கணும்.

அந்தப் பக்கம் வயல் எல்லாம் சின்னச் சின்ன மடி. கொஞ்ச தூரம் ஓட்டினா வரப்பு வந்துடும், திருப்பணும். ஒரு ஏக்கர் சேடை ஓட்டி முடிக்கறதுக்குள்ள எத்தனை தடவை லாக் வரைக்கும் ஒடிக்கணும்னு எண்ணிப் பாருங்க, கை வலிக்கும். ஸ்டீயரிங் டைட்டான வண்டியை டிரைவருங்க எப்படி ஓட்டுவாங்க தெரியுமா? ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதிச்சுத் திருப்புவாங்க. டிராக்டர்ல இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் உண்டு. திருப்பம் கிடைக்கும். ஆனா ஸ்டீயரிங் நோயை பிரேக் சுமக்கும். மாமா அதைத்தான் பண்ணிட்டு இருந்தார்.

வில்லியனூர் பக்கத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார்னு தெரிஞ்சவங்க சொல்ல, போன் பண்ணோம். அவர் சொன்ன முதல் பதிலே எனக்குப் பிடிச்சுப் போச்சு. "வண்டிய ஆற விட்டுட்டுக் கூப்டா நான் வரமாட்டேன் தம்பி. ஓட்டிக்கிட்டு இருக்கும்போது கூப்டு. டைட்டா இருக்கற நேரத்துல நான் அங்க நிக்கணும்."

அப்படியேதான் வந்தார். மாமா ஒரு மணி நேரம் ஓட்டி முடிச்ச நேரம், வரப்பு ஓரம் கெட்டித் தரைல வண்டி. டூல் பாக்ஸைத் திறக்கவே இல்ல. மாமாகிட்ட கேள்வி கேக்க ஆரம்பிச்சார். இடது பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா? காலைலயேவா, சூடானப்புறமா? எஞ்சினை மெதுவா விட்டா எப்படி, ரேஸ் கொடுத்தா எப்படி? அரை மணி நிறுத்திட்டு எடுத்தா லேசாகுதா? ஆயில் குறையுதா? எதையும் மாத்தினதுக்கு அப்புறம் ஆரம்பிச்சுதா?

மாமா சொன்ன பதில்: ரெண்டு பக்கமும். சூடானப்புறம். நிறுத்தி எடுத்தா கொஞ்ச நேரம் சரியா இருக்கு. ஆயில் பெருசா குறையல. ரேஸ் கொடுத்தா இன்னும் டைட்டு.

அண்ணன் அந்தக் கடைசிப் பதில்ல நின்னார். "ரேஸ் குடுத்தா லேசாவுதா, டைட்டாவுதா? நல்லா யோசிச்சு சொல்லுங்க." மாமாவுக்குக் கொஞ்சம் கோவமே வந்துடுச்சு. "எத்தினி பேர்கிட்ட இதையே சொல்றது? டைட்டாவுது."

ஏன் அந்த ஒரு பதில் அவ்வளவு முக்கியம்? பம்பு தேஞ்சிருந்தா, மெதுவா ஓடும்போது ஆயில் போதாது, ஸ்டீயரிங் டைட்டு. ரேஸ் கொடுத்தா பம்பு வேகமா சுத்தும், கசிவை மீறி ஆயில் வரும், லேசாகும். பழைய வண்டில சாதாரணமா பாக்கறது இதைத்தான். ரேஸ் கொடுக்கறப்போ நிலைமை மோசமாகுதுன்னா கதை தலைகீழ். பம்பு வேகமா இழுக்க இழுக்க அதுக்கு ஆயில் கிடைக்கல. கோளாறு பம்புக்கு அப்புறம் இல்ல, பம்புக்கு முன்னாடி இருக்கு. உறிஞ்சற பக்கத்துல.

பம்பை மாத்தறதுக்கு முன்னாடியே மாமா வாய்ல இருந்து இந்தத் தகவல் வந்துடுச்சுங்கறதைக் கவனிங்க. பட்டறைல யாரும் "எப்போ"ன்னு கேக்கல. "என்ன"ன்னு மட்டும் கேட்டுட்டு, "டைட்டு"ங்கற ஒரு சொல்லை வாங்கிக்கிட்டாங்க. இருபது வருஷம் அந்த வீலைப் பிடிச்ச கை சொன்ன தகவல் அது.

ஆனா அண்ணன் அதோட முடிவு கட்டிடல. ஊகத்தைச் சோதிக்கணும்ல. காசு செலவாகாத சோதனைல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா போனார்.

முதல்ல முன் டயர் காத்து. சிரிக்காதீங்க, பாதி வண்டி இதுலயே சரியாயிடும்னு அவர் சொன்னார். காத்து குறைஞ்ச டயர் தரையை அகலமாப் பிடிச்சுக்கும். மாமா வண்டில சரியா இருந்தது.

அடுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கில தூக்கி, அடில கனமான மரக்கட்டை அடுக்கி, சிலிண்டர் தண்டைக் கழட்டிவிட்டுட்டு, சக்கரத்தைக் கையால இடம் வலம் தள்ளிப் பாத்தார். இது ரொம்ப அழகான சோதனை. ஹைட்ராலிக் மொத்தத்தையும் ஒரே பின்னைக் கழட்டிப் பிரிச்சு வெச்சாச்சு. கமிட்டுகளைப் பாதி பாதியா வெட்டித் தேடறோம் பாருங்க, அந்த வேலைதான். கையால தள்ளும்போதும் இறுகினா, கோளாறு ஆயில்ல இல்ல. கிங் பின், புஷ், பேரிங், வளைஞ்ச டை ராடு, இதுங்கள்ல ஒண்ணு. சேடை ஓட்டற வண்டிங்களுக்கு இது சகஜம், ஏன்னா முன் அச்சு சேத்துத் தண்ணிலயே ஊறுது. கிரீஸ் கழுவிப் போய் உள்ள துரு ஏறும். மாமா வண்டில சக்கரம் லேசாவே திரும்புச்சு. ஒரு பக்கம் கிரீஸ் நிப்பிள் அடைச்சிருந்தது, அதை மாத்தி கிரீஸ் அடிச்சார், அவ்வளவுதான்.

அப்புறம் டேங்க் மூடியைத் திறந்து ஆயிலைப் பாத்தார். பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. கருகின வாசம் வந்தா ரொம்பச் சூடாகியிருக்கு. இங்க ஆயில் நிறம் நல்லாதான் இருந்தது, ஆனா மேல நுரை. நுரைன்னா எங்கயோ காத்து உள்ள வருது. ஆயில் வெளிய ஒழுகலையே, காத்து மட்டும் எப்படி வரும்னு நான் கேட்டேன். உறிஞ்சற பக்கத்துல இருக்கறது அழுத்தம் இல்ல, வெற்றிடம். அங்க ஓட்டை இருந்தா ஆயில் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். உங்க ஸ்ட்ராவுல ஓட்டை இருந்தா ஜூஸ் ஒழுகாது, கரகரன்னு காத்துதான் வரும், அதே மாதிரி. கிளாம்ப் போட்ட இடங்கள்ல கெட்டியா கிரீஸ் தடவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அந்த 'ஊய்' கொஞ்சம் குறைஞ்சது, நிக்கல.

கடைசியா கேஜ். பம்புக்கும் ஆர்பிட்டலுக்கும் நடுவுல ஒரு டீ இணைப்பு போட்டு அழுத்தமானியை மாட்டினார். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் லாக் வரைக்கும் ஒடிச்சு, சில விநாடி மட்டும் அழுத்திப் பிடிச்சு, முள்ளைப் பாக்கணும். அதுக்கு மேல பிடிச்சா ரிலீஃப் வால்வு வழியா சுத்தற ஆயில் கொதிச்சிடும். நல்ல வண்டில முள்ளு அந்த மாடலுக்கு மேனுவல்ல சொன்ன அளவுக்குப் போய் அசையாம நிக்கும். மாமா வண்டிக்கு 100க்குக் கொஞ்சம் மேல இருக்கணும். சூட்டோட மெதுவா ஓடும்போது 70. ரேஸ் கொடுத்தாங்க. முள்ளு 45க்கு இறங்கி நடுங்க ஆரம்பிச்சுது.

அந்த நடுக்கத்தை நான் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். ஒரு லாக் ஃபைலை விடத் தெளிவான சாட்சி அது. ரிலீஃப் வால்வு கெட்டிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ முள்ளு குறைஞ்ச இடத்துல, ஆனா நிலையா நிக்கும். நடுங்கற முள்ளுன்னா பம்புக்குள்ள ஆயிலோட காத்தும் சேந்து போகுது.

எஞ்சினை நிறுத்திட்டு சக்‌ஷன் ஓஸைக் கழட்டினார். டேங்க்ல இருந்து பம்புக்குப் போற கறுப்பு ரப்பர் குழாய், ஒரு முழத்துக்கும் குறைவு. வெளிய பாத்தா ஒரு வெடிப்பு கிடையாது. பேனாக்கத்தியால நீளவாக்குல கிழிச்சார். உள் பக்கத்து ரப்பர் படலம் ஒரு இடத்துல உரிஞ்சு, நாக்கு மாதிரி தொங்கிட்டு இருந்தது.

எல்லாம் பொருந்திடுச்சு பாருங்க. காலைல ரப்பர் குளிர்ந்து விறைப்பா இருக்கு, படலம் சுவரோட ஒட்டிக் கிடக்கு, வழி திறந்திருக்கு. ஆயில் சூடானதும் அது இளகிடும். மெதுவா இழுத்தா பாதி வழி கிடைக்குது. ரேஸ் கொடுத்தா வேகமான உறிஞ்சல் அந்த நாக்கை இழுத்து வழியை அடைக்குது. பம்பு பட்டினி கிடக்குது, அதுதான் 'ஊய்'. வெற்றிடம் அதிகமாகி கிளாம்ப் இடுக்குல காத்தை இழுக்குது, அதுதான் நுரை. அரை மணி நிறுத்தினா ஆறி, நாக்கு பழைய இடத்துக்குப் போயிடுது. புதுப் பம்பும் அதே குழாய்லதான் குடிக்கணும், அதனாலதான் அதை மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

டேங்க் அடில இருந்த சல்லடையையும் கழட்டினார், உரிஞ்ச ரப்பர் துணுக்கு கொஞ்சம் அதுல. கழுவி மாட்டினார். புது ஓஸ் வாங்க வில்லியனூர் போனோம். இங்க ஒரு விஷயம் சொல்லணும். தண்ணி பைப்போ டீசல் ஓஸோ போட்டு ஒப்பேத்தக்கூடாது. உறிஞ்சற பக்கத்துக்குன்னு உள்ள கம்பிச் சுருள் வெச்ச ஆயில் ஓஸ் இருக்கு. அதுதான் வெற்றிடத்துல நசுங்காது, ஆயில்ல இளகாது. ஓஸ், ரெண்டு கிளாம்ப், மேல ஊத்தின ஆயில், எல்லாம் சேத்து ஆன செலவு பம்புக்குப் போட்ட காசுல ரொம்பச் சின்ன பங்கு. காத்து வெளியேற, லாக்குக்கு லாக் மெதுவா பல தடவை திருப்பி, ஆயில் அளவைத் திரும்பப் பாத்து நிரப்பினார். அன்னிக்குச் சாயந்திரமே மாமா சேத்துல இறங்கிட்டார். மறுநாள் ஒரு மணி நேரம் ஓட்டின சூட்டோட கேஜை மாட்டிப் பாத்தப்போ 105, முள்ளு அசையல.

உங்க ஊர் வண்டில கதை வேற மாதிரி இருக்கலாம். சூடானா டைட்டு, ஆனா ரேஸ் கொடுத்தா லேசாகுதுன்னா அப்ப பம்பு, இல்ல உள் கசிவு. சூடு ஆயிலை நீர்க்க வைக்கும், தேஞ்ச இடுக்கு வழியா நழுவிடும். ஒரு பக்கம் மட்டும் டைட்டுன்னா பம்பைக் குத்தம் சொல்லாதீங்க, பம்புக்கு இடது வலது தெரியாது. அந்தப் பக்கத்து ஓஸ் மடங்கியிருக்கா, சிலிண்டர் தண்டு வளைஞ்சிருக்கா, ஆர்பிட்டல்ல அந்தப் பக்கத்து வால்வுல தூசி சிக்கியிருக்கானு பாருங்க. லாக்ல அழுத்திப் பிடிச்சாலும் ஸ்டீயரிங் மெதுவா நழுவிச் சுத்திட்டே இருந்தா ஆயில் எங்கயோ குறுக்கு வழில போகுது: சிலிண்டர் பிஸ்டன் சீலா, ஆர்பிட்டலா? இதைப் பிரிக்க, சிலிண்டரை ஒரு முனைக்குக் கொண்டுபோய், எஞ்சினை நிறுத்தி, திரும்பி வர்ற பக்கத்து ஓஸைச் சிலிண்டர்ல இருந்து கழட்டி, ஓஸ் வாயைச் சரியான பிளக் போட்டு அடைப்பாங்க. அப்புறம் அதே திசைல அழுத்துவாங்க. திறந்து கிடக்கற சிலிண்டர் துவாரத்துல இருந்து ஆயில் வந்துட்டே இருந்தா சீல் போச்சு. வரலைன்னா ஆர்பிட்டலைச் சந்தேகப்படலாம். இதை நீங்க யூடியூப் பாத்துப் பண்ண வேண்டாம், தெரிஞ்சவரை வெச்சுப் பண்ணுங்க. ஒரே பம்பு லிஃப்ட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஆயில் கொடுக்கற வண்டிங்களும் உண்டு. அதுல ஸ்டீயரிங்குக்கு முதல் பங்கு கொடுக்கற ஒரு வால்வு இருக்கும். லிஃப்ட்டைத் தூக்கும்போது ஸ்டீயரிங் டைட்டானா, தேட வேண்டிய இடம் அது.

பாதுகாப்பு பத்தி இதை மட்டும் காது கொடுத்துக் கேளுங்க. எஞ்சின் ஓடும்போது ஓஸ்ல கசிவு இருக்கானு கையால தடவிப் பாக்கவே கூடாது. 100 பார் அழுத்தத்துல ஊசி முனை ஓட்டைல இருந்து வர்ற ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலி கூட முதல்ல பெருசா இருக்காது. அப்படி ஆனா அது அவசர சிகிச்சை, உடனே ஆஸ்பத்திரி, ஆயில் உள்ள போயிருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லணும். தாமதிச்சா விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டைக் காட்டினா போதும், ஆயில் பட்டு நனையும். ஓஸைக் கழட்டறதுக்கு முன்னாடி எஞ்சினை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பி அழுத்தத்தை இறக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி அடில போகாதீங்க.

ஆயில் எதுன்னு நிறைய பேர் கேப்பீங்க. மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது. கார் பவர் ஸ்டீயரிங்ல ஊத்தற சிவப்பு ஆயிலை "ரெண்டும் பவர் ஸ்டீயரிங்தானே"ன்னு ஊத்தாதீங்க. சில டிராக்டருக்கு அது ஒத்துவரும், பலதுக்கு வராது, சீல் வேற தரம்.

அந்த மெக்கானிக் அண்ணனை மைக் முன்னாடி உக்கார வைக்கணும்னு பாத்தேன். "நான் பேசறதை விட கேக்கறவன் தம்பி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். [சிரிப்பு] கிழிச்ச ஓஸ் என் மேஜைல இருக்கு, படமும் கேஜ் வீடியோவும் இந்தப் பக்கத்துலயே போட்டிருக்கேன், பாருங்க. உங்க வீட்டுல யாராவது டிராக்டர், பவர் டில்லர், போர் மோட்டார் வெச்சிருந்து "அது அப்படித்தான் பண்ணும்"னு ஒரு கோளாறோட வாழ்ந்துட்டு இருந்தா, எப்போ, எந்தச் சூட்டுல, எந்த வேகத்துலன்னு அவங்க வார்த்தைலயே கேட்டு, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பழைய டீசல் எஞ்சின் காலைல ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கறதைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன்.